குடத்துச் சத்தம் ஏறுமா, இறங்குமா?

கேட்டிருப்பவர் பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளைப் பள்ளி ஹாலுக்குள் பேச்சுப் போட்டியோடு முடிக்காமல், ஊர்ப் பொதுவில், சாயங்காலம், சனங்களுக்கு முன்னால் நடத்த ஆசைப்படுகிறார். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நாதஸ்வரம், தவில் என்று நம் பக்கத்துக் கலைகளோடு அறிவியலைச் சேர்க்க வேண்டுமாம். "இதற்கு முன்னால் யாராவது செய்திருக்கிறார்களா? எங்கிருந்து தொடங்குவது? கேலிக்கூத்தாகிவிடாதா?" இவைதான் கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் டீச்சர். ஆகும். நான் செய்த முதல் நிகழ்ச்சி அப்படித்தான் ஆனது.

2010 ஜனவரி 15, பொங்கலுக்கு மறுநாள், நம் தென்கோடி முழுக்க வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது நினைவிருக்கும். அதற்கு முந்தின இரவு நாங்குநேரி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிரகணத்தைப் பற்றி வில்லுப்பாட்டு போட்டோம். பாட்டு முழுக்க என் கைச்சரக்கு. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற மிதப்பில் சூரியனின் விட்டம், சந்திரனின் தூரம், சுற்றுப்பாதையின் சாய்வு எல்லாவற்றையும் விருத்தத்தில் அடைத்திருந்தேன். வில்லடித்த புலவர் கைதேர்ந்தவர். ஆனால் "மூணு லட்சத்து எண்பத்து நாலாயிரம் கிலோமீட்டர்" என்பதை எந்த மெட்டில் பாடினாலும் அது ரேஷன் கடைக் கணக்கு மாதிரித்தான் விழுந்தது. அரை மணி நேரத்தில் கூட்டம் பாதியாகிவிட்டது. முன்வரிசையில் கடைசிவரை இருந்த ஓர் ஆச்சி, முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, "எல்லாஞ் சரிதான் ராசா, நல்லாத்தான் எழுதிருக்க. இதுல செத்தது யாரு? கத எங்க?" என்று கேட்டார்.

மறுநாள் மதியம் ஒன்றேகால் வாக்கில் அதே ஆச்சி தன் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். கிரகண நேரத்தில் வெளியே வரக்கூடாது என்று காலையில் அடம்பிடித்தவர்தான். இலைகளுக்கு நடுவே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமராவாக வேலை செய்து, தரை முழுக்க ஒளிவளையங்களாகக் கொட்டிக் கிடந்தது. "ஏ, வளையல் வளையலா விழுதுட்டீ, வந்து பாருங்க" என்று தெருவையே கூட்டிவிட்டார். நாற்பது விருத்தத்தில் நான் செய்ய முடியாததை ஒரு மரம் நான்கு நிமிடத்தில் செய்துவிட்டது.

அன்றைக்குப் பிறகு நான் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று. பாடப்புத்தகத்தைத் தூக்கிக் கலையின் தலையில் ஏற்றாதீர்கள். அந்தக் கலைக்குள், அந்த வாத்தியத்துக்குள், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் அறிவியலைச் சனங்கள் கண்ணுக்கும் காதுக்கும் தெரியும்படி செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குள் வந்துவிடும்.

முன்னால் யார் செய்தார்கள் என்று கேட்டீர்களே. கச்சேரியும் சோதனையும் ஒரே மேடையில் இருந்தது ரொம்பப் பழைய வழக்கம். ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் கிளாட்னி என்றொருவர். உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லால் இழுப்பார். மணல் ஓடி ஓடிக் கோலமாக நிற்கும். 1787-இல் இதைப் புத்தகமாகப் போட்டுவிட்டு, தானே செய்த வாத்தியங்களையும் தகட்டையும் தூக்கிக்கொண்டு ஐரோப்பா முழுக்க ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தார். 1809-இல் நெப்போலியன் முன்னால் செய்து காட்டியிருக்கிறார். லண்டனில் சார்லஸ் வீட்ஸ்டன், கூரையிலிருந்து ஒரு யாழைத் தொங்கவிட்டு, யாரும் தொடாமலே அது பாடுவதாக 1821-இல் காட்டினார். மேல்மாடியில் வேறு வாத்தியம் வாசித்தார்கள்; தொங்கவிட்ட கம்பி வழியாகவே ஒலி இறங்கி வந்தது. திடப்பொருளில் ஒலி போகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இன்றுவரை யாரும் எடுக்கவில்லை. மைக்கேல் ஃபாரடே மேடையில் பேசுவதற்கென்றே ஆசிரியர் வைத்துப் பேச்சுக்கலை படித்தவர். ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் இன்றைக்கும் நடக்கின்றன.

நம் பக்கம் என்றால் கேரளத்து சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-இல் தொடங்கிய சாஸ்திர கலா ஜாதாவைச் சொல்ல வேண்டும். பாட்டும் நாடகமுமாகக் கிராமம் கிராமமாக நடந்தார்கள். அதன் பெரிய வடிவமாக 1987 அக்டோபர் 2-இல் நாட்டின் பல மூலைகளிலிருந்து மக்கள் அறிவியல் கலைப்பயணம் கிளம்பியது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு அதில் பெரிய பங்கு. பிறகு தொண்ணூறுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம். நம் மாவட்டத்தில் அன்றைக்கு வீதி நாடகம் போட்ட பையன்கள் இன்று தலை நரைத்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு உங்கள் ஊரிலேயே யாராவது இருப்பார்கள். தேடிப் பிடியுங்கள், தெருவில் கூட்டத்தை நிறுத்தத் தெரிந்தவர்கள். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் கலை ஒரு வண்டியாகத்தான் இருந்தது. எழுத்தறிவையும் சுகாதாரத்தையும் ஏற்றிக்கொண்டு போனது. அன்றைய அவசரத்துக்கு அது சரி. சரக்கை இறக்கியதும் வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம்.

தமிழில் அறிவியலைச் சுவையாகச் சொல்ல முடியும் என்று காட்டிய பெ.நா. அப்புசுவாமி பெருங்குளத்துக்காரர், பழைய திருநெல்வேலிச் சீமைதான். வில்லுப்பாட்டைக் கோயில் முற்றத்திலிருந்து வானொலிக்கும் டெல்லிக்கும் கொண்டுபோன சுப்பு ஆறுமுகம் சத்திரம் புதுக்குளத்தில் பிறந்தவர். 2021-இல் பத்மஸ்ரீ வாங்கினார், அடுத்த வருடம் காலமானார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பாலம் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடை வரவேற்புரைக்கு இதுவே போதும். மந்திரியையும் மாலையையும் தவிர்த்துவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வில்லிலிருந்தே தொடங்குங்கள்.

வில்லுப்பாட்டில் எல்லோர் கண்ணும் வில்லின் மேல்தான். பத்தடி நீள வில், தோல் நாண், மணிகள், புலவர் கையில் வீசுகோல். ஆனால் இயற்பியல் உட்கார்ந்திருப்பது குடத்தில். வில் கட்டியிருக்கும் அந்த மண்குடத்தின் வாயில் ஒரு கையால் மட்டையை வைத்து அடிக்கிறார், மறுகையால் குடத்தின் வயிற்றில் காசால் தட்டுகிறார். இரண்டு சத்தம் வருகிறது. ஒன்று 'டும்', இன்னொன்று 'டிங்'. இரண்டும் ஒரே குடத்தின் சத்தம் என்று நினைக்கிறோம். கிடையாது. 'டும்' என்பது குடத்துக்குள் இருக்கும் காற்றின் சத்தம். வாய்ப்பக்கத்துக் காற்று ஒரு கட்டி மாதிரி உள்ளே வெளியே ஆட, உள்காற்று ஸ்பிரிங் மாதிரி அதைத் தள்ளுகிறது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதிர்வி என்று பாடத்தில் நடத்துவீர்களே, அதுதான். 'டிங்' என்பது மண்ணின் சத்தம், குடத்தின் சுவர் அதிர்வது.

இப்போது மேடையிலேயே குடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் கூட்டத்தைக் கேளுங்கள்: சத்தம் ஏறுமா, இறங்குமா? கையைத் தூக்கச் சொல்லுங்கள். பந்தயம் கட்டினாலும் தப்பில்லை, கடலைமிட்டாய்க்குத்தான். பாதிப் பேர் ஏறும் என்பார்கள், பாதிப் பேர் இறங்கும் என்பார்கள். வேடிக்கை என்னவென்றால் இரண்டு கட்சியும் ஜெயிக்கும். உள்ளே காற்றுக்கு இடம் குறைந்துவிட்டதால் ஸ்பிரிங் விறைத்து 'டும்' ஏறும். சுவரோடு தண்ணீரும் சேர்ந்து ஆட வேண்டியிருப்பதால் எடை கூடி 'டிங்' இறங்கும். ஒரு சொம்பு, இரண்டு சொம்பு, மூன்று சொம்பு என்று ஊற்ற ஊற்ற ஒன்று ஏற, ஒன்று இறங்க, இடையில் குடக்காரர் தாளத்தை விடாமல் வாசிக்க, புலவர் அந்த நேரத்தில் ஒரு வரி எடுத்து விட்டாரென்றால், டீச்சர், உங்கள் நிகழ்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

குடம் வாங்கக் காருகுறிச்சிக்குப் போங்கள். மண்பாண்டத்துக்குப் பேர் போன ஊர். நாதஸ்வரச் சக்கரவர்த்தி காருகுறிச்சி அருணாசலத்தின் ஊரும் அதுதான். குடம் செய்கிறவரையே மேடைக்குக் கூப்பிட்டு, நல்ல குடத்தைத் தட்டியே எப்படிக் கண்டுபிடிக்கிறார் என்று செய்து காட்டச் சொல்லுங்கள். விரிசல் விட்ட குடம் 'டிங்' என்று சொல்லாது, 'டக்' என்று சாகும். விரிசல் இருக்கும் இடத்தில் அதிர்வு உராய்ந்து சூடாகி வீணாகிறது. ரயில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற அதே சங்கதி. சேரன்மகாதேவி ஸ்டேஷனில் வேலை பார்த்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் அவரே எழுந்து சொல்லிவிடுவார்.

ஓர் எச்சரிக்கை. மைக் செட்டுக்காரர் குழாய் ஒலிபெருக்கி கட்டிவிட்டாரென்றால் எல்லாம் பாழ். அளவான குடத்தின் 'டும்' பெரும்பாலும் நொடிக்கு 100 முதல் 200 அதிர்வுக்குள் விழும். அந்தக் குழாய்க்கு அவ்வளவு கீழே சத்தம் எடுக்காது. பெட்டி ஸ்பீக்கர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எனக்கு ஒருமுறை இப்படி நடந்தது. மேடையில் டும் டும் என்று கேட்கிறது, பத்தாவது வரிசையில் வெறும் டிங் டிங்.

அடுத்தது கணியான் கூத்து. சுடலைமாடன் கொடையில் அண்ணாவி பாட, பெண் வேடமிட்ட இரண்டு பேர் ஆட, பின்னால் இரண்டு மகுடம், அதாவது தோல்பறை. ஆட்டத்துக்கு நடுவில் மகுடக்காரர்கள் எழுந்துபோய்ச் சருகைக் கொளுத்தி மகுடத்தைக் காட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஏன்? பனி இறங்க இறங்கத் தோல் ஈரத்தைக் குடித்துத் தளர்கிறது, சுருதி விழுகிறது. தீயில் காட்டினால் ஈரம் போய்த் தோல் இறுகுகிறது, சுருதி ஏறுகிறது. அதாவது மகுடம் ஒரு ஈரப்பதமானி. இதை நான் ஓர் அண்ணாவியிடம் பெருமையாகச் சொல்லப்போக, அவர், "அது எங்களுக்குத் தெரியும் சார்வாள். மகுடம் தொங்குச்சுன்னா விடியக்காலம் பனி கொட்டும்னு சாமியாடிக்கே நாங்கதான் சொல்லுவோம்" என்றார். மாவட்ட அறிவியல் மையத்திலிருந்தோ உங்கள் ஆய்வகத்திலிருந்தோ ஒரு ஈரப்பதமானியை வாங்கி மகுடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஆறு மணிக்கு ஒருமுறை, எட்டு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை, மகுடத்தின் சுருதியையும் ஈரப்பதத்தையும் ஒரு பையன் கரும்பலகையில் எழுதட்டும். செல்போனில் ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி அதிர்வெண்ணைக் காட்டிவிடும். நிகழ்ச்சி முடியும்போது ஒரு வரைபடம் தானாக வந்திருக்கும். பிப்ரவரிக் கடைசியில் இரவுப் பனி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அது நம் அதிர்ஷ்டம்.

அறிவியல் நாளே சி.வி. ராமனால் வந்தது. ராமன் விளைவை அவர் கண்டுபிடித்த 1928 பிப்ரவரி 28-ஐ நினைத்துத்தான் 1987 முதல் கொண்டாடுகிறோம். ஆனால் எந்தப் பள்ளியிலும் ராமனின் மிருதங்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆறாத குறை. ஒளிச்சிதறலுக்கு வரும் முன்பே அவர் ஒலியில் முங்கிக் கிடந்தவர். வயலின், வீணை, மிருதங்கம் எல்லாவற்றையும் ஆராய்ந்திருக்கிறார். சாதாரணமாக இழுத்துக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் அதன் அதிர்வெண்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் வரும். அதனால்தான் தமுக்கு தமுக்காக இருக்கிறது, பாடுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் கருப்பாக ஒரு சோறு வைக்கிறார்களே, கல்பொடியும் சாதமும் சேர்த்து அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது, அந்தப் பாரம் நடுவில் உட்கார்ந்ததும் அதிர்வெண்கள் 1, 2, 3, 4, 5 என்று வரிசைக்கு வந்துவிடுகின்றன. தம்பூராவோடு இழையும் தோல் வாத்தியம் அப்படித்தான் பிறக்கிறது. இதை ராமன் 1920-இல் சுருக்கமாகவும் 1934-இல் விரிவாகவும் எழுதினார். தோலின் மேல் மணல் தூவி, எந்த இடம் ஆடுகிறது, எந்த இடம் ஆடாமல் நிற்கிறது என்று படம் பிடித்திருக்கிறார்.

இதை மேடையில் செய்ய ஒரு மிருதங்க வித்வானும், கொஞ்சம் காய்ந்த மணலும், மேலே குப்புறத் தொங்கவிட்ட ஒரு செல்போனும், அதை வெள்ளைத்துணியில் விழவைக்கும் புரொஜெக்டரும் போதும். ஒரு விரலைத் தோலில் லேசாக வைத்துக்கொண்டு தட்டும்போது மணல் குறுக்கே ஒரு கோடாக ஒதுங்குவது பின்வரிசை வரைக்கும் தெரியும். வித்வானிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சிலர் வாத்தியத்தின் மேல் மணல் போட ஒப்புக்கொள்ள மாட்டார்கள்; அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. பழைய மிருதங்கம் ஒன்றைத் தனியாகத் தேடி வைப்பது நல்லது.

வீட்டுக்கோலத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு ஸ்பீக்கரின் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டைப் பொருத்தி, கல்லுக்கோலப்பொடியைத் தூவி, ஒலியின் அதிர்வெண்ணைக் கூட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு கோலம் விழும். கொஞ்சம் பருத்த பொடி ஆடாத இடங்களுக்கு ஓடும். ரொம்ப மெல்லிய தூளோ நேர்மாறாக, அதிகம் ஆடுகிற இடத்தில் போய்க் குவியும். தகடு கிளப்பும் காற்றுச் சுழல் அதைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று 1831-இல் ஃபாரடே விளக்கினார். கோலம் போடுகிற பெண்களிடம் இதைச் செய்து காட்டினால், எந்தப் பொடி எங்கே போகும் என்று அவர்களே அடுத்த பொடியை எடுத்துக்கொண்டு வருவார்கள்.

நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பற்றி யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள்: "ஒரு நடை எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிப்போய்த் தட்டிக் காட்டலாமே." வேண்டாம். இருநூறு பிள்ளைகள் இருநூறு தட்டுத் தட்டினால் அந்தக் கல் யாருக்கும் பாடாது. ஏற்கெனவே நாணயத்தால் தட்டித் தட்டிக் குழி விழுந்த இடங்கள் இருக்கின்றன. வகுப்பில் நான்கு இரும்புக் கம்பிகளை வெட்டி வைத்தே அந்தத் தத்துவத்தைக் காட்டிவிடலாம். தூண் வளைந்து அதிர்கிறது. ஒரே பருமனில் நீளத்தை இரட்டித்தால் அதிர்வெண் நான்கில் ஒரு பங்காகிறது, அதாவது இரண்டு ஸ்தாயி இறங்குகிறது. ஒரே நீளத்தில் பருமனைப் பாதியாக்கினால் ஒரு ஸ்தாயி இறங்குகிறது. இவ்வளவுதான் கணக்கு. இந்தக் கணக்கைச் சிற்பி தாளில் எழுதியிருக்க வேண்டியதில்லை; உளியும் காதும் போதும். ஒரே கல்லில் கொத்திய அடுத்தடுத்த தூண்களில் கொஞ்சம் அதிகமாகக் கொத்திவிட்டால் திரும்ப ஒட்ட முடியாது என்பதை நினைத்தால்தான் எனக்கு மயிர்க்கூச்செறியும். "விஞ்ஞானத்தால் விளக்க முடியாத அதிசயம்" என்று கைடுகள் சொல்வதை மட்டும் உங்கள் மேடையில் விடாதீர்கள். விளக்க முடியும் என்பதனால் அது ஒரு மாற்றுக்கூடக் குறையவில்லை.

இதோடு இன்னொன்றும் வரும். நடராஜர் ஆடும் தாமிரசபை நம் ஊரில் இருக்கிறது, ஜெனீவாவில் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வக வளாகத்தில் 2004-இல் வைத்த நடராஜர் சிலை இருக்கிறது, ஆகவே அணுவைப் பற்றி அன்றே அறிந்தோம் என்று ஒருவர் மைக்கைப் பிடிப்பார். சிலை இருப்பது உண்மை, இந்தியா பரிசாகக் கொடுத்தது. "ஆகவே" என்ற சொல்தான் தகராறு. மரியாதையாக உட்கார வைத்துவிடுங்கள்.

ஒலியின் வேகத்துக்கு எனக்குப் பிடித்த விளையாட்டு தவிலோடு செய்வது. ஆற்றுப் படித்துறையில் வளர்ந்த எல்லோருக்கும், அக்கரையில் துணி துவைப்பவர் கல்லில் அடிப்பது முதலில் கண்ணில் பட்டுச் சத்தம் பிறகு வருவது தெரியும். அதை அளந்து காட்டலாம். சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே, ஊர்க் குளத்தங்கரையில் தவில்காரரை நிறுத்துங்கள். நொடிக்கு இரண்டு அடி, துல்லியமாக. அடிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஒருவர் வெள்ளைத் துண்டை இறக்கட்டும். கூட்டம் கரையோரமாகவே விலகி நடந்துகொண்டே இருக்கட்டும். போகப் போகத் துண்டு ஒரு நேரம், சத்தம் ஒரு நேரம் என்று பிரியும். ஓரிடத்தில் இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நின்று அளந்தால் 175 மீட்டர் வாக்கில் இருக்கும். அரை நொடிக்கு 175 என்றால் நொடிக்கு 350. நம் ஊர் வெயில் சூட்டுக்கு ஒலியின் வேகம் அவ்வளவுதான். இருநூறு பேர் சேர்ந்து நடந்து ஒரு மாறிலியைக் கண்டுபிடித்த திருப்தி அலாதி. சின்னப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப ஓடிப் பார்ப்பார்கள். குளம் பெருகிக் கிடக்கும், ஓரத்தில் ஆள் நிறுத்துங்கள்.

கிரகங்களாகப் பிள்ளைகளுக்கு ஜிகினாத்தாள் சுற்றி, சனிக்கு மட்டும் இடுப்பில் வளையத்தை மாட்டி, பரதநாட்டியம் என்ற பேரில் சுற்றவிடுவது பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. பெற்றோர் போட்டோ எடுப்பார்கள்.

கதை வேண்டும் என்று ஆச்சி கேட்டாரே, அதற்குப் பதில் கண்டுபிடிக்க எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. வில்லுப்பாட்டு பெரும்பாலும் செத்தவர்களின் கதை. அநியாயமாகச் செத்து, தெய்வமாக நின்றவர்களின் கதை. அந்த வடிவத்துக்குச் சாவைப் பாடத் தெரியும், காத்திருப்பைப் பாடத் தெரியும். டெங்குக் கொசுவை ஒழிப்போம் என்று பாடத் தெரியாது. பாடச் சொன்னால் பாடும், ஆனால் மனசு ஒட்டாது. அப்படியென்றால் அதற்கு ஏற்ற அறிவியல் எது?

தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை அகழாய்வு. முதுமக்கள் தாழிக்குள் செத்தவரோடு வைத்த நெல்லின் உமி கிடைத்து, கரிமக் காலக்கணிப்பில் கி.மு. 1155 என்று வந்தது. 2021-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். ஆள் யாரென்று தெரியாது. பேர் தெரியாது. யாரோ அழுதுகொண்டே ஒரு கிண்ணம் நெல்லைப் போட்டு மூடியிருக்கிறார்கள். அந்த நெல்லுக்குள் இருந்த கதிரியக்கக் கரிமம் ஒவ்வொன்றாகக் கரைந்துகொண்டே இருந்தது. பாதியாகக் குறைய 5730 வருடம் வேண்டும். தாழியைத் திறந்தபோது நூற்றில் ஏறத்தாழ 68 பங்கு மிச்சம் இருந்திருக்கும். அந்த மிச்சத்தை எண்ணித்தான் வயதைச் சொன்னார்கள். இதைப் புலவரிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நெல்லே சாட்சி சொல்லுதுன்னு வச்சுக்கிடலாமா?" என்றார். வில்லுப்பாட்டில் சாட்சி சொல்லும் மரமும் மாடும் உண்டு. நெல் சாட்சி சொல்வது அந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. நான் ஒரு வரிகூட எழுதவில்லை. காப்பு, வருபொருள், அவையடக்கம், நாட்டுவளம் என்று வழக்கமான வரிசையில் அவரே கட்டினார். நாட்டுவளத்தில் பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் தாமிரபரணி வந்தது, அதன் கரையில் தாழி வந்தது. என் வேலை, தப்பு வரும் இடத்தில் கையைத் தூக்குவது மட்டும். "லட்சம் வருசத்துக்கு முந்தி" என்று உற்சாகத்தில் ஒருமுறை போய்விட்டார்; மூவாயிரத்துச் சொச்சம் என்று இழுத்துப் பிடித்தேன்.

வில்லுப்பாட்டில் உங்களுக்கு இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா" போடுகிறவர். அவரை வெறும் "ஆமா"வோடு நிறுத்தாதீர்கள். "அதெப்படி ஓய் தெரியும்? நீரு போய்ப் பாத்தீரா?" என்று கேட்கும் ஆளாக்குங்கள். கூட்டத்தின் சந்தேகத்தை அவர் வாயில் வையுங்கள். நெல்லுக்கு வயசு சொல்லும் இடத்தில் எங்கள் குடக்காரர், "உமி நேத்து எலி கொண்டுபோட்டதா இருந்தா?" என்று கேட்டார். ஒத்திகையில் இல்லாத கேள்வி. புலவர் என்னைப் பார்த்தார். நேற்றைய உமியாக இருந்தால் கரிமம் குறைந்தே இருக்காதே என்று நான் கீழேயிருந்து சொல்ல, அதை அவர் அப்படியே பாட்டில் இழுத்துப் போட்டார். கைதட்டல் அங்கேதான் விழுந்தது.

சில்லறை விஷயங்கள். கலைஞர்களுக்கு என்ன சம்பளம் என்று முதலிலேயே பேசி, பாதியை முன்பணமாகக் கொடுங்கள். "பள்ளிக்கூட நிகழ்ச்சி, சேவையா செய்யுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். பேச்சாளருக்குக் காரும் பொன்னாடையும், மகுடக்காரருக்கு டவுன் பஸ்ஸும் என்றால் நான் வரமாட்டேன். ஒத்திகை இரண்டு நாளாவது வேண்டும், அதற்கும் கூலி உண்டு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில்கள் நிரம்பிவிடும், அதன்பின் கொடைகள் தொடங்கினால் நல்ல குழுவுக்குத் தேதியே கிடைக்காது, ஆகவே இப்போதே சொல்லி வையுங்கள். குழு அமைக்க ஆள் தெரியவில்லையென்றால் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கருவி இரவல், தொலைநோக்கி, இதற்கெல்லாம் கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம். ஒரு கலை, ஒரு சோதனை, ஒரு கதை, ஒரு ராத்திரிக்கு இது போதும். நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே மேடையில் போட்டால் பொருட்காட்சி ஆகிவிடும். 2031 மே 21-இல் கேரளத்திலும் தென்தமிழ்நாட்டிலும் மறுபடி வளையக் கிரகணம் வருகிறது. வருடத்துக்கு ஒன்றாகச் செய்து பழகினால் அதற்குள் உங்கள் பிள்ளைகள் தயாராகிவிடுவார்கள்.

ஒன்று விட்டுப்போனது. குடத்தில் தண்ணீர் ஊற்றும் சோதனையை எங்கள் குடக்காரரிடம் முதல் தடவை செய்து காட்டியபோது, அவர் நான்கு சொம்பு ஊற்றும்வரை சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடத்தைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, "சார்வாள், தண்ணிக்குப் பதிலா மண்ணு போட்டா?" என்றார். எனக்குத் தோன்றாத கேள்வி. பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவரிடம் எம்-சாண்ட் ஒரு சட்டி வாங்கிப் போட்டுப் பார்த்தோம். 'டும்' தண்ணீரில் ஏறியது போலவே ஏறியது. 'டிங்' செத்தே போய்விட்டது. "பாத்தீங்களா, மண்ணு அமுக்கிருச்சி" என்று சிரித்தார். ஆகவே சொம்புத் தண்ணீரோடு ஒரு சட்டி மணலும் மேடைக்கு அடியில் தயாராக வையுங்கள். மணலுக்குப் பிறகு யாராவது நெல்லைப் போடச் சொல்வார்கள், அதுவும் ஒரு மரக்கால் இருக்கட்டும்.